8 சனிக்கிழமை, 4,500 ரூபாய், ஒரு வயிற்றுவலி: காரைக்குடியில் நான் போய் வந்த பிள்ளைகள் மனநலப் பயிற்சி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு: போகலாம். எதற்குப் போகலாம், எதை அங்கே எதிர்பார்க்கக் கூடாது, கட்டின 4,500 ரூபாயில் எவ்வளவு செரித்தது, எவ்வளவு வயிற்றெரிச்சல் என்பதெல்லாம் கீழே. நடத்துகிறவர்கள் பெயரை எழுதப் போவதில்லை. குறை நிறையவே சொல்ல இருக்கிறேன், அவர்களோ மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்னக் குழு, என் ஒருத்தி பேச்சால் அடுத்த பேட்ச் நின்றுபோனால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

நான் கோட்டையூர் பக்கம் டியூஷன் எடுக்கிறவள். 6ஆம் வகுப்பிலிருந்து 10 வரை, இந்த வருஷக் கணக்குக்கு 30 பிள்ளைகள், சாயங்காலம் ஐந்தரைக்குத் திண்ணை நிறைந்துவிடும். பி.எட். படித்தபோது உளவியல் என்று ஒரு பேப்பர் இருந்தது, மனப்பாடம் செய்து எழுதிப் பாஸ் பண்ணியதோடு சரி. பிள்ளை அழுதால் "கண்ணைத் தொடை", அடம்பிடித்தால் "அப்பாகிட்ட சொல்லவா", பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால் "தங்கமான பையன்". 11 வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

போன வருஷம் வந்து சேர்ந்த ஒரு பையனால்தான் இந்தப் பயிற்சிக்கே போனேன். (வகுப்பு, ஊர், இன்னும் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன், யார் வீட்டுப் பிள்ளை என்று தேடாதீர்கள்.) திங்கட்கிழமை என்றால் அவனுக்கு வயிற்றுவலி. பள்ளிக்கூட வேன் வரும் நேரத்துக்குப் பிடிக்கும், பத்தரைக்கு மேல் விட்டுவிடும், சாயங்காலம் டியூஷனுக்கு வந்து ஓரமாகச் சுருண்டு உட்கார்ந்திருப்பான். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று வந்தது. அவனுடைய அப்பத்தா ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிப்போய்த் துன்னூறு போட்டு, கையில் கயிறும் கட்டிக்கொண்டு வந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில், "திங்கக்கிழமை மட்டும் வர்ற வலிக்கு ஸ்கேன் எதுக்குடா, எனக்கே தெரியுமே" என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்தச் சமயத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வந்தது. குழந்தைகள், குடும்பங்கள் மனநலத்துக்கு உதவும் திறன் பயிற்சி, 8 சனிக்கிழமை, காலை 10 முதல் மாலை 4 வரை, மதியச் சாப்பாடு உண்டு. செக்காலை ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பாத்திரக் கடை மாடி. கீழே கடைக்காரர் அண்டா இறக்கும்போதெல்லாம் மேலே இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், இரண்டு மின்விசிறியில் ஒன்று சுற்றாது. ஆனால் சாப்பாட்டில் மட்டும் குறை சொல்ல முடியாது, மூன்றாவது சனிக்கிழமை போட்ட கவுனி அரிசிக்காகவே இரண்டு பேர் நாலாவது வாரமும் வந்தார்கள் என்பது என் சந்தேகம்.

பேட்சில் 22 பேர். தனியார் பள்ளி டீச்சர்கள், என்னைப் போல டியூஷன்காரர்கள், மூன்று அங்கன்வாடிப் பணியாளர்கள், ஒரு நர்ஸ், குழந்தைகள் இல்லத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, பேரனுக்காக வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வெறுமனே அம்மா என்ற தகுதியில் நாலைந்து பேர்.

பாடம் எடுத்தது இரண்டு பேர். ஒருவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அம்மா, மற்றவர் சமூகப் பணி படித்த இளைஞர். அந்த அம்மா முதல் நாள் வந்ததும் தன் ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைப் போர்டில் எழுதிப் போட்டார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு வேலை பார்க்கிறவர் ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், "யாருகிட்ட பிள்ளையைக் கூட்டிட்டுப் போனாலும் இந்த நம்பரைக் கேளுங்க, கேக்குறதுக்கு வெக்கப்படாதீங்க" என்றார். அதே மூச்சில், "இங்க குடுக்குற சர்டிபிகேட்டை வச்சு நீங்க யாரும் கவுன்சிலர் ஆகிட முடியாது, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெத்தியில கை வச்சுப் பாக்கத் தெரிஞ்ச ஆளா ஆவீங்க, அதுக்குமேல இல்லை" என்றும் சொல்லிவிட்டார். பணம் கட்டியவர்களிடம் முதல் அரைமணி நேரத்தில் இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

இரண்டாவது சனிக்கிழமை நடந்ததுதான் இந்தப் பயிற்சியிலேயே உருப்படியானது, என்னைக் கேட்டால் மொத்தக் காசும் அதற்கே சரியாகப் போயிற்று. பயிற்சி ரொம்பச் சாதாரணம். இரண்டு இரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் மூன்று நிமிஷம் தனக்கு அந்த வாரம் மனசு கஷ்டப்பட்ட ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், எதிரே இருப்பவர் கேட்க வேண்டும். அவ்வளவுதான். புத்தி சொல்லக் கூடாது, "எனக்கும் இப்படித்தான்" என்று தன் கதைக்குத் தாவக் கூடாது, "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று துடைத்துவிடக் கூடாது, கேள்வி கேட்பதாக இருந்தால் "ஏன்" என்று ஆரம்பிக்கவே கூடாது. எனக்கு ஜோடி அந்தத் தலைமையாசிரியர். நான் என் மாமியார் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி ஆரம்பித்தேன். நாற்பது விநாடி கூட ஆகியிருக்காது, "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துட்டீங்களாம்மா?" என்றார். கேட்டதில் தப்பே இல்லை, நல்ல எண்ணம்தான். ஆனால் நான் அப்போது சொல்ல வந்தது பணத்தைப் பற்றியே இல்லை, மாமியார் என் கையைத் தட்டிவிட்டதைப் பற்றி. அது தொண்டையிலேயே நின்றுவிட்டது. சரி, என் முறை வந்தபோது நான் கிழித்தேனா? அவர் தன் பேரன் போனை விட்டு எழுவதே இல்லை என்று சொல்ல வாயெடுத்தார், நான் "ஏன் வாங்கிக் குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற சைக்காலஜிஸ்ட் அம்மா சிரித்துக்கொண்டே, "ரெண்டு பேரும் வாத்தியாரா?" என்றார்.

"ஏன்" என்று கேட்டால் பிள்ளைக்கு அது விசாரணையாகத்தான் காதில் விழும், பதிலைத் தேடாமல் தப்பிக்க வழி தேடும், "என்ன ஆச்சு" என்றால் நடந்ததைச் சொல்லும் என்று விளக்கினார். கேட்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். வீட்டில் ஒரு நாள் "ஏன்" சொல்லாமல் இருந்து பாருங்கள், தெரியும். காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் நான் 14 தடவை சொல்லியிருக்கிறேன், எண்ணினேன்.

வீட்டில் இதை முதலில் சோதித்தது என் மகளிடம். பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒரு புதன்கிழமை வந்ததும் பையைக் கூடத்தில் எறிந்துவிட்டு அடுப்படி வாசலில் சாய்ந்து நின்றாள். நான் வெள்ளைப் பணியாரத்துக்கு எண்ணெய் வைத்திருந்தேன். செய்கிறவர்களுக்குத் தெரியும், அது மொத்தமாகக் கொட்டிவிட்டு வேறு வேலை பார்க்கிற பலகாரம் கிடையாது, ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி, அது உப்பி மேலே வந்து, திருப்பி, சிவக்கவிடாமல் எடுக்க வேண்டும், நின்ற இடத்தை விட்டு அசைய முடியாது. "என்னடி ஆச்சு" என்று ஒரு தடவை கேட்டேன். பதில் இல்லை. வழக்கமாக அந்த இடத்தில் நான் அடுத்த எட்டுக் கேள்வி கேட்டிருப்பேன். கேட்கவில்லை. ஒன்று ஊற்றினேன், எடுத்தேன். இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் சிவந்துவிட்டது, கோபத்தை அதன் மேல் காட்டினேன். நாலாவது எண்ணெயில் இருக்கும்போது, "அம்மா, என்னை அவளுக குரூப்லேருந்து எடுத்துட்டாளுக" என்றாள். "உம்" என்றேன். அப்புறம் இருபது நிமிஷம் அவளாகவே பேசினாள். நான் சொன்னது மொத்தம் மூன்று "உம்", ஒரு "அது வலிக்கும்ல". முகத்துக்கு முகம் உட்காரவைத்துக் கேட்டால் வாயே திறக்காத பிள்ளைகள், நம் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றால் பேசிவிடுகின்றன, இதைப் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தது. அடுத்த வாரம் போய்ச் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம் உணர்ச்சிகளுக்குப் பெயர் சொல்லப் பழக்குவது. இங்கே அவர்கள் கொஞ்சம் சொதப்பினார்கள். வட்டமாக ஒரு சார்ட், ஆங்கிலத்தில் இருந்ததை அகராதி வைத்துத் தமிழாக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிகிறது: விரக்தி, பதற்றம், தாழ்வுணர்ச்சி, ஏமாற்றவுணர்வு. எங்கள் திண்ணையில் உட்காரும் எந்தப் பிள்ளை "மிஸ், எனக்கு விரக்தியாக உள்ளது" என்று சொல்லும்? அங்கன்வாடி அக்கா ஒருவர்தான் எழுந்து நேராகச் சொன்னார், "எங்க புள்ளைங்க ஒரு மாதிரியா இருக்குன்னுதான் சொல்லும், அதுக்கு மேல பேரு இல்லை." பிறகு எல்லாரும் சேர்ந்து போர்டில் எழுத ஆரம்பித்தோம். கடுப்பா இருக்கு. பக்குனு இருக்கு. வயித்தைக் கலக்குது. கூச்சமா இருக்கு. ஒண்ணுமே புடிக்கலை. வெறுமையா இருக்குன்னு பெரிய பிள்ளைகள் சொல்லும். அழுகை அழுகையா வருது. நர்ஸ் சொன்னார், "ஏக்கம்னு எழுதுங்க, எங்க ஊர்ல எல்லாத்துக்கும் அதான்." பாதி மதியம் அந்த ஒரு சொல்லிலேயே போயிற்று, அது வீணாகவும் போகவில்லை. புள்ளை ஏங்கிப்போச்சு என்று நம் பாட்டிமார் சொல்வதற்குள் சாப்பிடாதது, தூங்காதது, நோஞ்சானாகப் போவது, யாரோ விட்டுப் போனது எல்லாம் அடக்கம். அப்பா கப்பலேறிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் வருஷக்கணக்கில் வராத ஊரில் இந்தச் சொல் இல்லாமல் எப்படி இருக்கும்? இப்போது கப்பல் இல்லை, திருச்சியிலிருந்து விமானம், மற்றபடி என்ன மாறிவிட்டது.

ஒரு கேள்வி நான் பயந்துகொண்டே கேட்டேன்: துன்னூறு போடுவது, தாயத்துக் கட்டுவதைத் தடுக்க வேண்டுமா? சைக்காலஜிஸ்ட் அம்மா திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "போடட்டும்மா, அந்தப் பிள்ளை தலையில ஒரு பெரியவங்க கை வைக்குறாங்கள்ல, அதை ஏன் கெடுக்கணும்? ஆனா டாக்டருக்குப் போறதை அதுக்காகத் தள்ளிப்போடாதீங்க. கட்டிப் போடுற இடம், அடிக்குற இடம், சாப்பாடு குடுக்காத இடம்னா அன்னிக்கே எதிர்த்து நில்லுங்க" என்றார். ஏர்வாடி தீ விபத்தை எடுத்துச் சொன்னார். 2001 ஆகஸ்டில், சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் எரிந்து செத்தார்கள். நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம். நான் அப்போது சின்னப் பெண், எங்கள் ஊரிலிருந்தும் அங்கே ஆட்களைக் கூட்டிப்போவார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது, அதனால் அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புள்ளிவிவரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள், அரைமணி போதும். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலப் பிரச்சினை இருந்தது, தமிழ்நாடும் அந்த ஆய்வில் இருந்தது. உலக சுகாதார நிறுவனமோ 10 முதல் 19 வயதில் ஏழு பேருக்கு ஒருவர் என்கிறது. வயதும் வேறு, கணக்கெடுக்கும் விதமும் வேறு. நான் என் திண்ணையை வைத்துப் போட்டுப் பார்த்தேன், முதல் கணக்குப்படி 30க்கு இரண்டு, இரண்டாவதுபடி நாலு. எனக்குத் தெரிந்து ஒருவன்தான். அப்போது மீதி யார்? பேசாமல் உட்கார்ந்திருக்கும் அந்தத் தங்கமான பிள்ளைகளை அன்று சாயங்காலம்தான் ஒவ்வொருவராகப் பார்த்தேன்.

எஸ்.டி.க்யூ. என்று 25 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றும் கொடுத்தார்கள், பெற்றோரோ ஆசிரியரோ நிரப்புவது. இது பிள்ளைக்கு நோய்ப் பெயர் சூட்டுவதற்கு இல்லை, யாரை மேலே அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் என்று மூன்று தடவை எச்சரித்தார்கள். பிரயோஜனமில்லை. டீ குடித்து முடிப்பதற்குள் எங்கள் பேட்சில் பாதிப் பேர் தங்கள் புருஷனுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனம் நிலைக்காத, துறுதுறுவென்று இருக்கும் கோளாறு) என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஐந்தாவது சனிக்கிழமை தற்கொலை பற்றியது. இதைப் படிக்கும் டீச்சர்கள் யாராக இருந்தாலும் இந்த ஒரு நாளுக்காவது போங்கள். பிள்ளையிடம் நேராகக் கேட்க வேண்டும் என்றார்கள், சுற்றி வளைக்காமல், "செத்துப் போகணும்னு தோணுதா?" என்று. நாம் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, கேட்டால் பல பிள்ளைகளுக்கு அப்பாடா என்றுதான் இருக்கும் என்றார்கள். சொல்வது சுலபம். ஒருவரை ஒருவர் பார்த்து அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லச் சொன்னபோது அறையில் பாதிப் பேருக்கு நாக்கு எழவில்லை, எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் வந்தது. "ஆமாம்" என்று பதில் வந்தால் தனியாக விடாமல் கூடவே இருப்பது, வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வது, வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு உடனே சொல்வது, 14416க்குப் பேசுவது. அந்த எண் டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள். வகுப்பிலேயே ஒருவர் போன் போட்டு எடுக்கிறார்களா என்று பார்த்தார், எடுத்தார்கள்.

நம் ஊரில் இன்னொரு பயம் உண்டு, தற்கொலைக்கு முயன்றவரைப் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோக மாட்டார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, வேறு மாதிரி நிரூபிக்கப்படாத வரை முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவே கிடையாது. இது எனக்கு முழுக்கப் புதுச் செய்தி. மே மாதம் ரிசல்ட் வருவதற்கு முதல் நாள் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, மார்க் எதுவாக இருந்தாலும் நாளைக்கு முழுக்கப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், துணைத்தேர்வு இருக்கிறது, ஒரு வருஷமும் போகாது என்று சொன்னேன். நாலு பேர் "அபசகுனமா பேசாதீங்க டீச்சர்" என்றார்கள். பரவாயில்லை.

போக்சோ, அதாவது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் பற்றிய வகுப்பு இதற்கடுத்த வாரம். ஒரு டீச்சர், "பொம்பளப் பிள்ளை பேரு கெட்டுரும்னு அம்மாவே வேண்டாம்கிறாங்க, நாம என்ன செய்ய?" என்று கேட்டார். 2012 சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி தெரிந்த யாரும் தகவல் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, இதில் அம்மா சம்மதம் என்ற பேச்சே இல்லை, குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கலாம் என்று அந்த இளைஞர் நிதானமாகச் சொன்னார். அதைவிட எனக்கு உதவியது வேறு: பிள்ளை "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டால் பண்ணக் கூடாது. "உன்னைப் பத்திரமா வச்சுக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், சொல்றதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று சொல்ல வேண்டும். நான் இதுவரை எத்தனை சத்தியம் பண்ணியிருப்பேனோ.

இனி வயிற்றெரிச்சல்.

ஐந்தாவது வாரம், நான் மேலே சொன்ன அதே வகுப்பில், ஒரு அம்மா உடைந்து அழுதுவிட்டார். அவர் வீட்டில் நடந்தது ஏதோ நினைவுக்கு வந்திருக்கிறது. அந்த நேரம் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு நிமிஷம் நின்றார், "தண்ணி குடிங்கம்மா" என்றார், அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். மற்றவர் அன்று வரவே இல்லை. நர்ஸும் நானும் அவரைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம், கீழே அண்டா உருள்கிற சத்தத்தில் அவர் சொன்னதில் பாதி காதிலேயே விழவில்லை. 2011இல் உலக சுகாதார நிறுவனம் போட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் இருந்து பார், கேள், இணை என்று மூன்று சொல்லை முதல் வாரமே எங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள் இவர்கள். (நர்ஸ் "இணை"யை மாற்றிக் "கோத்துவிடு" என்பார், அதுதான் எங்கள் எல்லார் வாயிலும் நின்றது.) இப்படிப்பட்ட விஷயத்தை 22 பேர் முன்னால் பேசும்போது யாராவது ஒருவர் அழத்தான் செய்வார். அதற்கென்று ஒரு தனி அறையும், பாடம் எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருக்க ஒரு ஆளும் இல்லாமல் அந்த வகுப்பை நடத்தவே கூடாது. கடைசி நாள் கருத்துத் தாளில் எழுதினேன், நேரிலும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டார்கள், அது உண்மைதான்.

வாட்ஸ்அப் குழு இன்னொன்று. பயிற்சி முடிந்தாலும் தொடர்ந்து வழிகாட்டுவோம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. வந்தது காலை வணக்கம் ரோஜாப்பூதான். ஒருநாள் ஒருவர் தன் பள்ளிப் பையனின் போட்டோ, பெயர், வகுப்பு எல்லாம் போட்டு "இவனுக்கு என்ன பிரச்சினையா இருக்கும்?" என்று கேட்டுவிட்டார். ரகசியம் காப்பது பற்றி ஒரு முழு மதியம் படித்தவர்கள் நாங்கள்! அது நீக்கப்பட இரண்டு நாள் ஆனது. சர்டிபிகேட்டுக்கு 300 ரூபாய் தனி என்பதைக் கடைசி நாள்தான் சொன்னார்கள், அது சின்ன விஷயம், ஆனாலும் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பெயரிலேயே "குடும்பங்கள்" என்று வைத்துக்கொண்டு குடும்பத்துக்கு ஒதுக்கியது ஒரே ஒரு சனிக்கிழமை. அந்த ஒன்றிலும் அப்பா, அம்மா, ஒரு குழந்தை, ராத்திரி மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார்கள் என்று ஒரு படம். இந்தப் பக்கம் அப்படி எத்தனை வீடு இருக்கிறது? அப்பா சிங்கப்பூரில், அம்மா பாதி நாள் தன் அம்மா வீட்டில், பிள்ளையை வளர்ப்பது அப்பத்தா. அல்லது ஆயா, அம்மாவைப் பெற்றவர். அந்தக் கிழவியிடம் எப்படிப் பேசுவது, போனில் மட்டும் இருக்கிற அப்பாவை எப்படி உள்ளே இழுப்பது என்று ஒரு வரி இல்லை.

என் திங்கட்கிழமைப் பையன் விஷயத்தில் முடிச்சை அவிழ்த்ததே அப்பத்தாதான். பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெரிய வீடு, முகப்பில் பர்மாத் தேக்குத் தூண், அதற்குள் வசிப்பது மூன்று பேர், இரண்டாம் கட்டைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். அப்பத்தா, எங்களுக்கெல்லாம் ஆச்சி, உள்முற்றத்து வளவில் கால்நீட்டி உட்கார்ந்து வற்றலுக்கு மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் கீழே உட்கார்ந்து காம்பு கிள்ள ஆரம்பித்தேன். ஆத்தங்குடிக் கல் தரை குளிர்ந்தது. பயிற்சியில் பதற்றத்துக்குச் சொல்லித்தந்த ஐந்து பொருளைப் பார், நாலு பொருளைத் தொடு என்கிற உத்தியை நான் எனக்கே செய்துகொண்டேன், ஏனென்றால் நான்தான் அவர் பேரனை எல்லார் முன்னாலும் கேலி செய்தவள். "ஆச்சி, திங்கக்கிழமைக்கு முன்னாடி நாள் வீட்டுல என்ன நடக்கும்?" என்று கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை பாருங்கள்.

அவர் மிளகாயை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே சொன்னார். (அப்பச்சி என்றால் இங்கே அப்பா.) "ஞாயித்துக்கெழமதான டீச்சரம்மா அவுக அப்பச்சிக்கு லீவு. ராத்திரி வீடியோவுல வருவாக. மார்க்கு என்ன, ரேங்க்கு என்ன, நோட்டைக் காட்டு. இவன் காட்டுவான். அப்புறம் ஒரு மூலையில போயி படுத்துக்குவான். போன சித்திரையில வந்துட்டு அவுக ஏரோப்ளேன் ஏறுனதும் ஒரு ஞாயித்துக்கெழம ராத்திரிதான். புள்ள ஏங்கிப்போச்சு."

"இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா ஆச்சி?"

"என்னைய யாரு கேட்டா?"

அவ்வளவுதான். ஸ்கேனுக்கு 1,200 ரூபாய் செலவு செய்தவர்களில் ஒருவருக்கும் அவரைக் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும் ஐந்து சனிக்கிழமை உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

பிறகு நடந்ததைச் சினிமா மாதிரி சொல்ல மாட்டேன். அவன் அம்மா 14416இல் பேசினார். உடம்பில் வேறு கோளாறு இல்லை என்பதை மறுபடி ஒரு டாக்டரிடம் உறுதி செய்துகொண்டு, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கும் கூட்டிப்போனார்கள், சொந்தக்காரர்களிடம் கண் டாக்டருக்குப் போனதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதில் நான் தலையிடவில்லை. அப்பாவிடம் பேசியது நான் இல்லை, ஆச்சியேதான். என்ன சொன்னாரோ, இப்போது ஞாயிற்றுக்கிழமைப் போனில் மார்க் பேச்சு கிடையாது, அங்கே என்ன சமைத்தார், எந்த பஸ்ஸில் வேலைக்குப் போகிறார் என்று அப்பச்சிதான் காட்டுகிறாராம். வலி முழுக்கப் போகவில்லை. மாதத்தில் நாலு திங்கள் என்றால் ஒரு திங்கள் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. நான் அவனிடம், தனியாக, அன்று கேலி செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மிஸ்" என்று சொல்லிவிட்டு இயற்கணிதத்தில் ஒரு சந்தேகம் கேட்டான்.

சேர நினைக்கிறவர்கள் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள்: பாடம் எடுப்பவருக்கு ஆர்.சி.ஐ. பதிவு உண்டா, யாராவது உடைந்துபோனால் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, சர்டிபிகேட்டுக்குத் தனிக் காசா. டியூஷன் வைத்திருப்பவர்கள், விடுதி வார்டன்கள், அங்கன்வாடிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். தங்கள் பிள்ளைக்கு இப்போதே பெரிய சிக்கல் ஓடிக்கொண்டிருக்கிற பெற்றோர் அந்த 4,500 ரூபாயோடு நேரே டாக்டரிடம் போங்கள், இது வைத்தியம் இல்லை. எட்டு வாரமும் முழுநாள் என்பது அதிகம் என்று தோன்றினால் இரண்டாவதையும் ஐந்தாவதையும் மட்டும் தவறவிடாதீர்கள், ஐந்தாவதற்குப் போகும்போது தெரிந்தவர் ஒருவரோடு போங்கள்.

அடுத்த பேட்ச் புரட்டாசியில் ஆரம்பிக்கிறதாம். வீட்டுக்கு ஒரு பாட்டியைக் கட்டணம் இல்லாமல் கூட உட்காரவைக்க முடியுமா என்று கேட்டேன். மாடிப்படி ஏற முடியுமா என்று யோசிக்கிறார்கள். கீழே பாத்திரக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை, அங்கேயே நடத்தலாமே என்றேன். கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.